சட்டையின் உள்பக்கம்

லைனிங் துணி வாங்க மாஸ்டர் கடைத்தெருவுக்குப் போனால் திரும்பி வர நாற்பது நிமிடம் ஆகும். பத்து வருடமாக அந்த நாற்பது நிமிடம்தான் அவளுக்கென்று இருந்த நேரம். அதில் அவள் தலை வாருவாள். சூடு ஆறாமல் ஒரு டீ குடிப்பாள். சில நாள் நாற்காலியில் உட்கார்ந்து சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு மட்டும், அந்த நாற்பது நிமிடத்தில் தன் வாழ்க்கையை ஒரு பைக்குள் மடித்து வைத்தாள்.

மகளின் பள்ளிச் சீருடை இரண்டு செட், பிறப்புச் சான்றிதழ், ஒரு சீப்பு, ஒரு போர்வை. அவ்வளவுதான். மெஷினில் யாரோ ஒரு வாடிக்கையாளரின் சட்டை பாதித் தையலோடு ஊசிக்கடியில் கிடந்தது. அதை அப்படியே விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. பைத்தியக்காரி! உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியவள், உட்கார்ந்து அந்தத் தையலை முடித்து, நூலை அறுத்து, சட்டையை உதறி மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஊரில் எல்லோரும் அவள் புருஷனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். துணியை வெட்டுவது அவர் வேலை. தைப்பதும், காஜா எடுப்பதும் அவள் வேலை. பித்தான் நுழைகிற அந்தச் சின்னத் துளையைச் சுற்றிக் கையால் நூல் கட்டுவதற்குத்தான் காஜா என்று பெயர். மெஷின் காஜா நாலு சலவையில் பிசிறு தட்டிவிடும். அவள் எடுத்த காஜா சட்டை கிழிந்தாலும் கிழியாது. "மாஸ்டர் கையே கை" என்று வாடிக்கையாளர்கள் சொல்லும்போது, அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அவள் மெஷினில் குனிந்திருப்பாள்.

சாயங்காலம் ஒவ்வொரு காஜாவையும் அவர் கட்டைவிரல் நகத்தால் நெருடிப் பார்ப்பார். ஒரு நூல் தளர்ந்திருந்தாலும் போதும். "கையை நீட்டு" என்பார். நீட்டுவாள். பெரிய கத்தரிக்கோலின் பிடி அவள் விரல் முட்டியில் இறங்கும். சத்தம் போடாமல், வாடிக்கையாளர் காதில் விழாமல், அளவெடுத்து அடிப்பார். அந்த அடிக்குப் பயந்துதான் அவள் ஒரு வித்தையைக் கண்டுபிடித்தாள். காஜாவை முடித்ததும் உள்பக்கத்தில் நூல் முனையைக் குறுக்கே கொண்டுவந்து, அரிசி முனை அளவுக்கு ஒரு பூட்டுத் தையல். வெளியே தெரியாது. நூல் ஜென்மத்துக்கும் தளராது. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. வலி சொல்லிக்கொடுத்தது.

போன மாதம் மகள் கையை நீட்டினாள். எட்டு வயதுக் குழந்தை. பித்தான் டப்பாவைக் கொட்டிவிட்டாளாம். அவர் கேட்கக்கூட இல்லை. குழந்தை தானாகவே வந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு அவர் அடிக்கவில்லை. அடிக்காதது எந்த வகையில் ஆறுதல்? அம்மாவைப் பார்த்துப் பார்த்து அந்தப் பிஞ்சு அதைக் கற்றுக்கொண்டுவிட்டதே!

எப்போதோ விரலுக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரி நர்ஸ், மாத்திரைச் சீட்டின் பின்னால் ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "வேணும்னா மட்டும்" என்று சொல்லியிருந்தாள். வேண்டியிருந்தது.

*

பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில், ஒரு நகரத்தில் இருந்தது அந்த நம்பர் காட்டிய வீடு. பெயர்ப் பலகை கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு உதிர்ந்த சாதாரண மாடி வீடு. உள்ளே அவளையும் சேர்த்து, புருஷனிடமிருந்து தப்பி வந்த பதினோரு பெண்கள், ஏழு குழந்தைகள். பொறுப்பாளரைப் பெரியக்கா என்றார்கள். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவர்.

வந்த அன்றைக்கே பெரியக்கா சட்டங்களைச் சொன்னார். போனை அணைத்துத் தகரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது. தெருப்பக்கத்து ஜன்னலில் நிற்கக் கூடாது. விலாசத்தைப் பெற்ற தாய் கேட்டாலும் சொல்லக் கூடாது. இங்கே யாரும் சொந்தப் பெயரில் கூப்பிட்டுக்கொள்வதில்லை.

"அப்போ என்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று அவள் கேட்டாள்.

"அதை ரேடியோ பாத்துக்கும்."

ரேடியோ என்பது அவளோடு ஒரே அறையில் தங்கப்போகிற பெண். காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் படுக்கும்வரை வாய் ஓயாது. அவள் புதியவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒல்லியா இருக்கே. தைக்கிறேன்னு வேற சொல்றே. குத்தினாக்கூட வாயைத் திறக்க மாட்டே போலிருக்கு. ஊசி. உன் பேரு ஊசி. பிடிச்சிருக்கா?"

"ம்."

"பாத்தியா? ஒரு வார்த்தைக்கு மேல போனா காசு கேப்பாங்கன்னு நெனப்பு."

ஊசிக்கு அங்கே அடி இல்லை, திட்டு இல்லை, வேளைக்குச் சாப்பாடு இருந்தது. ஆனாலும் முதல் இரண்டு வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கை தானாக முன்னால் நீளும். பயந்து பயந்தே பழகிவிட்ட உடம்புக்கு, பயப்பட ஒன்றுமில்லாத மாலை நேரம் எவ்வளவு நீளம்! கூடத்தில் எல்லோரும் டிவி பார்த்துச் சிரிக்கும்போது அவள் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாலு வருஷமாக வளைந்தே இருந்த சுண்டுவிரல் இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழவும் வரவில்லை. யாரிடம் சொல்லி அழ? மாஸ்டரைத் தவிர அவளுக்கு வேறு யாரையும் தெரியாதே!

ஒரு நாள் பெரியக்கா, கூடத்து மூலையில் போர்வை போர்த்திக் கிடந்த பழைய மெஷினைத் திறந்து காட்டினார். யாரோ தானமாகக் கொடுத்தது. "ஓடுமான்னு பாரேன்."

ஊசி அதற்கு எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாற்றி, காலால் ஒரு மிதி மிதித்தாள். அந்தச் சத்தம் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. வந்தது, நிற்கவில்லை. ரேடியோகூட அரை மணி நேரம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் அது ஒரு சாதனை.

அதன் பிறகு குழந்தைகளின் சட்டைகள் ஒவ்வொன்றாக உருவாகின. பெரியக்கா அவற்றைச் செவ்வாய்க்கிழமைதோறும் ஸ்கூட்டரில் எடுத்துப் போய், நகரத்தின் மறுகோடியில் ஒரு ரெடிமேட் கடைக்காரியிடம் கொடுப்பார். கடைக்காரி தன் கடையின் லேபிளை வைத்து விற்பாள். யார் தைக்கிறார்கள், எங்கே தைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. குரல், முகம், பெயர், போன், பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டிருந்த அந்த வீட்டில், நூலுக்கு ஒரு சட்டம் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊசிக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு காஜாவின் உள்பக்கமும் அந்த அரிசி முனைப் பூட்டைப் போட்டுக்கொண்டே இருந்தாள். போடாமல் இருக்க அவள் கைக்குத் தெரியாது.

*

மாஸ்டரிடம் ஒரு தாய், நகரத்தில் வாங்கிய தன் பையனின் ரெடிமேட் சட்டையைக் கொண்டுவந்து, கையைக் கொஞ்சம் குறைத்துத் தரும்படி கேட்டிருக்கிறாள். அவர் வழக்கம்போலச் சட்டையை உள்பக்கம் திருப்பினார். பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தார்.

லேபிளில் கடையின் பெயர் இருந்தது. மறுநாளே கடைக்காரியின் முன்னால் போய் நின்றார். "இவ்வளவு நல்ல வேலை யாரும்மா செய்யறாங்க? எங்க கடைக்கும் கொஞ்சம் ஆர்டர் கொடுக்கலாம்னு பாக்கறேன்."

அந்த வெள்ளை மனசுக்காரி, "எனக்குத் தெரியாது சார். செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா ஸ்கூட்டர்ல கொண்டுவருவாங்க. அவங்களையே கேளுங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். ஆனால் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே போனார்.

புதன்கிழமை காலை பதினோரு மணி. குழந்தைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். ஊசி கூடத்தில் மெஷினில் இருந்தாள். வாசல் கேட்டுக்கும் கூடத்துக்கும் இடையே பத்தடிதான், நடுவே ஒரு கதவு. கேட்டில் எப்போதும் உட்கார்ந்திருப்பது கேட்டம்மா. முன்பு ஏதோ தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்தவள். கனத்த சரீரம், அதைவிடக் கனத்த நாக்கு.

"யாருய்யா வேணும்?" என்ற அவளுடைய குரல் கேட்டது.

"என் சம்சாரம் இங்க இருக்காம்மா."

ஊசியின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது.

"இது லேடீஸ் ஹாஸ்டல். இங்க யாரும் யாருக்கும் சம்சாரம் இல்ல. கெளம்பு."

"கோவப்படாதீங்கம்மா. நான் சண்டை போட வரல. இந்தச் சட்டையைப் பாருங்க. உள்பக்கம் பாருங்க. இந்தக் காஜா ஒலகத்துல ஒருத்திதான் போடுவா."

"காஜாவா, கூஜாவா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. போய்யா."

"பத்து வருஷம்மா. பத்து வருஷத்துல ஒரு நாள்கூட அவகிட்ட, நல்லா தைச்சிருக்கேடின்னு நான் சொன்னதில்ல. தப்புதான். ஒத்துக்கறேன். நான் வெட்டுனா அது வெறும் துணி. அவ தைச்சாதான் சட்டை. அவ போனதுக்கப்புறம் தைக்க ஆள் வச்சேன். மூணு பேர். ஒருத்தனுக்கும் அந்தக் கை இல்ல. அவகிட்ட சொல்லுங்க. உன் கை மாதிரி கை இல்லன்னு மாஸ்டரே வாசல்ல நின்னு சொன்னார்னு சொல்லுங்க."

கதவுக்கு இந்தப் பக்கம் ஊசி எழுந்து நின்றாள்.

எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை! கத்தரிக்கோல் பிடி விரலில் இறங்கிய ஒவ்வொரு மாலையிலும், நாளைக்கு இன்னும் நன்றாகப் போட்டால் ஒரு வார்த்தை சொல்வார், நாளை மறுநாள் சொல்வார் என்று அவள் ஏங்கிய வார்த்தை. அதை இன்றைக்கு ஊரறியச் சொல்லிக்கொண்டு அவர் வாசலில் நிற்கிறார். குரலில் ஈரம் இருந்தது. அது நடிப்புமில்லை. அவளுக்கு அவர் குரல் தெரியும். உண்மையாகவே சொல்கிறார். கடவுளே, அதுதான் கொடுமை!

அவள் கால்கள் கதவை நோக்கி நடந்தன.

பெரியக்கா ஆபீஸ் அறையிலிருந்து போலீசுக்குப் பேசிவிட்டு வெளியே வந்தார். ஊசி கதவருகே நிற்பதைப் பார்த்தார். குறுக்கே போய் நிற்கவில்லை.

"தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கு" என்றார் மெல்ல. "இது ஜெயில் இல்ல. நீ போகணும்னா நான் தடுக்கக் கூடாது. தடுத்தா அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் சொல்லு."

"அவர் மாறிட்டார் போலிருக்குக்கா."

"இருக்கலாம்."

"இப்படி அவர் பேசினதே இல்லக்கா."

"ம். கேட்டேன்."

பெரியக்கா கதவை விட்டு ஓர் அடி விலகி நின்றார். படிக்கட்டில் ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஊசி தாழ்ப்பாளில் கை வைத்தாள். இரும்பு சில்லென்றிருந்தது.

வெளியே மாஸ்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "பாருங்கம்மா, எவ்வளவு வரிசையா இருக்கு. ஒண்ணு, ரெண்டு... இதோ, இந்த மூணாவது மட்டும் ஒரு நூல் தள்ளிப்போயிருக்கு. நான் பக்கத்துல இல்லல்ல. பாக்க ஆளில்லன்னா அவளுக்குக் கை கொஞ்சம் அலட்சியம் ஆயிடும். பரவால்ல, வந்தா சரிபண்ணிக்கலாம்."

அதே ஈரமான குரல்தான். அதே அன்புதான்.

ஊசி தன் கையைப் பார்த்தாள். தாழ்ப்பாளில் கையைக் காணோம். எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு கைகளும் விரல்களை மடக்கி, அக்குளுக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தன. அவளைக் கேட்காமல், அவள் யோசித்து முடிக்கும் முன்னால், அவை ஒரு முடிவுக்கு வந்துவிட்டன.

அவள் பின்வாங்கி, மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா" என்றாள். "குழந்தையை ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அவர் முந்திக்கப்போறார்."

*

போலீஸ் ஜீப் திருப்பத்தில் தெரிந்ததும் மாஸ்டர் போய்விட்டார். போனவர் மறுபடி வருவார். அது எல்லோருக்கும் தெரியும். கண்டுபிடிக்கப்பட்ட பெண் அந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தங்க முடியாது. அவளால் மற்றப் பத்துப் பேருக்கும் ஆபத்து. சாயங்காலத்துக்குள் வேறொரு நகரத்துக்கு அனுப்ப ஏற்பாடு ஆனது.

கூடத்தில் எல்லோரும் கூடி நின்றார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலின் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் புருஷன்மார் இருக்கிறார்கள் அல்லவா! ஊசி ஒவ்வொருவரிடமும் போய், "என்னாலதான், மன்னிச்சிடுங்க" என்றாள்.

"அடச்சீ, எழவு வீடு மாதிரி பேசாதே" என்று ரேடியோ அதட்டினாள். "நீ மட்டமா தைச்சிருந்தா உன்னை எப்பவோ நாங்களே துரத்தியிருப்போம்."

பெரியக்கா பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனார். ரேடியோ ஊசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வளைந்த சுண்டுவிரலைத் தடவினாள்.

"எந்த ஊருக்குப் போறேன்னு என்கிட்ட சொல்லிடாதே, என்ன? என் வாயைப் பத்தி எனக்கே தெரியும்."

"அப்போ உன்னை மறுபடி எப்படிப் பாக்கறது?"

"பாக்கவே வேணாம்." ரேடியோ சிரித்தாள். கண்ணீர் தாடை வரை வந்துவிட்டது. "நாம ரெண்டு பேரும் நல்லா இருந்தா, பாத்துக்கவே மாட்டோம். போ."

வேன் நகர்ந்தது. மகள் பின்பக்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "ரேடியோ சித்தி ஏம்மா கையாட்டல?" என்று கேட்டாள். வாசலுக்கு வந்து கையாட்டுவதும் அந்த வீட்டில் கூடாது. ஊசி மகளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

*

புது ஊரில், டயர் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு குழாய், பக்கத்துச் சுவர் வழியாக வருகிற யாரோ ஒருவரின் இருமல். வேலை ஒரு பெரிய சட்டைக் கம்பெனியில். நீளமான கூடத்தில் இருநூறு மெஷின்கள். ஒருத்தி காலர் மட்டும், ஒருத்தி பை மட்டும், ஒருத்தி கை மட்டும். அவளுக்குக் காலர். நாளெல்லாம் காலர். ஒரு சட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. உலகத்தில் எவன் எந்தச் சட்டையைத் திருப்பிப் பார்த்தாலும், அதில் அவள் இருக்க மாட்டாள். இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. முதல் மாதம் சம்பளக் கையெழுத்துப் போடும்போது, இதைவிடத் தனிமையான இடமும் கிடையாது என்று அவளுக்குப் புரிந்தது.

மகள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்வீட்டுத் தோழியோடு விளையாடப் போனால் இருட்டும் வரை வருவதில்லை. அந்த நேரத்தில் ஊசி துணி துவைப்பாள், தரை துடைப்பாள், துடைத்த தரையையே மறுபடி துடைப்பாள். ஆறு மணிக்கு போன் அடிக்கும். வீட்டை விட்டுப் போனவர்களைப் பொறுப்பாளர் ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு முறை கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது விதி. பெரியக்கா ஒரு வாரமும் தவறியதில்லை.

இருபத்தாறாவது ஞாயிற்றுக்கிழமை பெரியக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இன்னியோட ஆறு மாசம் முடியுது. ஃபாரத்துல சில கேள்வி இருக்கு, கேட்டு முடிச்சிடறேன். வேலை?"

"இருக்குக்கா."

"குழந்தை படிப்பு?"

"கணக்குல மட்டும் மோசம். மத்ததெல்லாம் நல்லா படிக்கிறா."

"அவர் தொந்தரவு?"

"இல்லக்கா."

"திரும்பிப் போகணும்னு எப்பவாவது தோணுதா?"

ஊசி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பழைய டயர்கள் தெருவோரம் அடுக்கியிருந்தன. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"தோணுதுக்கா. ஞாயித்துக்கிழமை மட்டும். இந்த நேரத்துல. திங்கட்கிழமை வேலைக்குப் போனா மறந்துடும்."

அந்தப் பக்கம் பேனா எழுதுகிற சத்தம் கேட்கவில்லை. பெரியக்கா எதையும் எழுதிக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

"சரி" என்றார் கடைசியில். "அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமையும் கூப்பிடறேன்."

"ஆறு மாசத்துக்குத்தானேக்கா விதி?"

"விதி முடிஞ்சுபோச்சு. எனக்கும் ஞாயித்துக்கிழமை வருதில்ல?"

ஊசிக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. அந்த வீட்டிலிருந்து போன பெண்கள் எத்தனை பேர்! நன்றாக இருக்கிற ஒருத்தியும் திரும்பிப் பார்ப்பதில்லை. நன்றாக இருக்க வேண்டுமென்றால் பார்க்கவும் கூடாது. இருபது வருடமாக ஒவ்வொருத்தியையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, இந்த மனுஷி தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். ஆறு மாதமாக இவர் விசாரித்தார், நான் பதில் சொன்னேன். ஒரு தடவையாவது திருப்பிக் கேட்டேனா?

"அக்கா" என்றாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"

போனில் பெரியக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னும் இல்லடி" என்றார்.